ஆர்ம் பட்டனும் ரெக்கார்ட் பட்டனும்: ஒரு பதிவுக்கு ஏன் இரண்டு படிகள்?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஒரு சிறிய அறையில் கிட்டாரும் குரலும் பதிவு செய்துவருகிறேன். இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), இரண்டு மைக், ஒரு மடிக்கணினி, இவ்வளவுதான் என்னிடம் இருப்பவை. ஏறத்தாழ ஓராண்டாக ஒரே ஒலிப்பதிவு மென்பொருளில்தான் வேலை செய்கிறேன் என்றாலும், ஒரு விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. டிராக்கின் (ஒவ்வோர் ஒலிக்கும் தனியாக இருக்கும் பதிவுப் பாதையின்) தலைப்பகுதியில் இருக்கும் சிறிய சிவப்புப் பட்டனை அழுத்தி அந்த டிராக்கை ஆர்ம் செய்ய, அதாவது பதிவுக்குத் தயார் நிலையில் வைக்க வேண்டும்; அதன் பிறகு பிளே, ஸ்டாப் பட்டன்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ரெக்கார்ட் பட்டனை அழுத்த வேண்டும். கைப்பேசியில் ஒரு முறை தொட்டாலே பதிவாகிவிடும் ஒரு வேலைக்கு, இவ்வளவு வளர்ந்த மென்பொருள்களில் இரண்டு படிகள் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்க வைத்த நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கிட்டார் பகுதியைப் பதிவு செய்து முடித்தேன். மறுநாள் பாடுவதற்காக ஒரு தோழி வந்திருந்தார். இரண்டு மூன்று முறை பாடிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை அவர் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில், நான் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாகப் பாடினார். திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது, ரெக்கார்ட் பட்டன் சிவப்பாக எரிந்தது, எல்லாம் சரியாக நடப்பதாகவே நினைத்தேன். முடிந்ததும் ஓடவிட்டுப் பார்த்தால் குரல் டிராக் வெறுமையாக இருந்தது. அந்த டிராக்கைத் தேர்வு செய்திருந்தேனே தவிர, ஆர்ம் செய்யவில்லை. முந்தைய நாள் ஆர்ம் செய்த கிட்டார் டிராக் அப்படியே விடப்பட்டிருந்தது. கிட்டாருக்கு வைத்த மைக்கும் அறையின் மறுமூலையில் நின்றுகொண்டிருந்ததால், தோழியின் குரல் அதில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோலப் பதிவாகி, முந்தைய நாள் நான் வாசித்ததன் மேலேயே விழுந்திருந்தது.

அவர் மறுபடியும் பாடினார். ஆனால் அந்த முதல் பாட்டு திரும்பி வரவில்லை. என் கவனக்குறைவுதான் காரணம் என்று தெரியும். இருந்தாலும், தேர்வு செய்த டிராக்கில் பதிவாகும்படி மென்பொருளே பார்த்துக்கொள்ளக் கூடாதா? அல்லது இந்த இரண்டு படிகளுக்கும் எனக்குத் தெரியாத ஒரு பயன் இருக்கிறதா? நீங்கள் பதிவின்போது எந்த வரிசையில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1

வணக்கம். முதலில் உங்கள் கிட்டார் வாசிப்பைத் தேடி எடுங்கள். அது அழிந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. இன்றைய மென்பொருள்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு விழுந்தால், பழைய கோப்பு தொடப்படுவதில்லை. புதிதாக ஒரு கோப்பு உருவாகி, திரையில் பழையதன் மேல் இன்னொரு தாளை வைத்ததுபோல அமர்ந்துகொள்கிறது. மேலே இருக்கும் துண்டை வேறொரு டிராக்குக்கு நகர்த்திப் பாருங்கள், அடியில் கிட்டார் இருக்கும். அப்படித் தெரியவில்லையென்றால் டேக்குகளை, அதாவது ஒவ்வொரு முறை பதிந்ததையும், தனித்தனி அடுக்காகக் காட்டும் வசதியைத் திறந்து பாருங்கள். அதிலும் இல்லையென்றால், அந்தப் பாட்டுக்கான ஆடியோ கோப்புறைக்குள் முந்தைய நாள் தேதியில் ஒரு வேவ் கோப்பு கட்டாயம் கிடக்கும். பழையதை உண்மையாகவே அழித்துவிட்டுப் பதியும் முறை புரோ டூல்ஸ் போன்ற சிலவற்றில் உண்டுதான், ஆனால் அதை நாமாகத் தேடிப்போய் இயக்கினால் மட்டுமே அது செயல்படும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் டேப் காலத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராக இருந்தவன். இரண்டு அங்குல அகல டேப், 24 டிராக். விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடவிட்டால் 2500 அடி ரீல் 16 நிமிடம் 40 விநாடியில் தீர்ந்துவிடும். டேப் முதலில் அழிக்கும் ஹெட்டைக் கடந்து, அதன் பிறகுதான் பதியும் ஹெட்டுக்கு வரும். அதாவது, ஒரு டிராக்கில் பதிவு தொடங்கிய கணத்திலேயே அதில் ஏற்கெனவே இருந்தது போய்விடும். திரும்பப் பெற வழியே இல்லை. அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு டிராக்குக்கும் 'தயார்', 'பாதுகாப்பு' என்று இரு நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் இருந்தது. தயார் நிலைக்குத் திருப்பினால் அந்த டிராக்கின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். பிளேயையும் ரெக்கார்டையும் சேர்த்து அழுத்திய பிறகுதான் விளக்கு நிலையாக எரியும். நீங்கள் இன்று திரையில் காணும் சிறிய சிவப்புப் பட்டன் அந்த சுவிட்சின் வாரிசு.

ஒரு முறை, 8ஆம் டிராக்கில் இருந்த பின்குரலில் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கு முன் 7ஆம் டிராக்கில் வேறொரு திருத்தம் செய்திருந்தோம். அதைப் பாதுகாப்பு நிலைக்குத் திருப்ப நான் மறந்துவிட்டேன். பொறியாளர் ரெக்கார்டை அழுத்தியபோது இரண்டு விளக்குகளும் நிலையாக எரிவதை நான் பார்த்து வாய் திறப்பதற்குள் நான்கு சொற்கள் போய்விட்டிருந்தன. அந்தப் பாடகரை மறுபடியும் அழைத்து அந்த நான்கு சொற்களையும் பாடவைத்தோம். டேப்பை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், ரெக்கார்டை அழுத்துவதற்கு முன் எத்தனை சிவப்பு விளக்குகள் எரிகின்றன என்று வாய்விட்டு எண்ணும் பழக்கம் அன்று வந்தது; இன்றும் எண்ணுகிறேன்.

டிராக்வாரியாகப் பதியும் தேவை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டில் கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டு டிராக் இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தது. முன்பே பதிந்த டிராக்குகளைக் கேட்டுக்கொண்டே, அதே டேப்பில், அதே நேரத்தில் இன்னொரு டிராக்கில் புதிதாகப் பதிய முடிந்ததுதான் அதன் சிறப்பு. எட்டுக்கும் பொதுவாக ஒரே ரெக்கார்ட் பட்டன் மட்டும் இருந்திருந்தால், அதை அழுத்தியதும் எட்டும் அழிந்திருக்கும். ஆகவே 'எந்த டிராக்கில்' என்ற முடிவையும் 'எந்தக் கணத்தில்' என்ற முடிவையும் பிரித்தே ஆக வேண்டியிருந்தது.

அழியும் அச்சம் இன்று பெரும்பாலும் இல்லை என்றாலும், அந்தப் பிரிவினை இன்றும் தேவைப்படுகிறது என்பதே என் கருத்து. டிரம்ஸ் பதிவை எண்ணிப் பாருங்கள். எட்டு மைக், எட்டு டிராக். வாசிப்பவர் வந்து உட்காருவதற்கு முன்பே எட்டையும் நிதானமாக ஆர்ம் செய்து, ஒவ்வொன்றின் உள்ளீட்டு எண்ணையும் சரிபார்த்துவிட்டால், அதன் பிறகு ஒரே அழுத்தலில் எட்டும் ஒரே சாம்பிளில், அதாவது ஒலியை எண்ணாக்கும் மிகச் சிறிய ஒரே கணத்தில், தொடங்குகின்றன. எட்டு மைக்கும் ஒரே கருவியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவற்றுக்கிடையே நேரம் சற்றே பிசகினாலும் ஒலி மெலிந்துவிடும் என்பதால், அந்த ஒரே தொடக்கம் மிக முக்கியமானது. மென்பொருளின் பக்கத்திலும், எந்தெந்த டிராக்குக்குக் கோப்பு உருவாக்க வேண்டும் என்பதற்கு ஆர்ம் பட்டன்தான் கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் எடுக்கும். எட்டு டிராக் என்றால் 69. தேவையற்ற டிராக்குகளை ஆர்மிலேயே விட்டுவைத்தால், வட்டில் மௌனம்தான் நிறையும்.

என் வரிசை இதுதான்: முதலில் டிராக்குக்குப் பெயர் வைப்பேன், பிறகு உள்ளீட்டைத் தேர்வு செய்வேன், பிறகு ஆர்ம், பிறகு அளவைச் சரிபார்த்தல், கடைசியில் ரெக்கார்ட். பெயரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பல மென்பொருள்களில் பதிவாகும் கோப்புக்கு அந்த நேரத்தில் டிராக்குக்கு இருக்கும் பெயரே வந்துவிடுகிறது. 'ஆடியோ 14' என்ற பெயரில் கிடக்கும் நாற்பது கோப்புகளுக்கிடையே நல்ல டேக்கைத் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். டேக் முடிந்ததும், கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஆர்மை எடுத்துவிடுவேன்.

பதில் 2

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் எட்டு மைக் வைத்து டிரம்ஸ் பதிவு செய்பவர் அல்லர். ஒரு நேரத்தில் ஒரு டிராக்கில் பதிபவர். நானும் அப்படித்தான். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை எடுத்து மவுசைத் தேடி, சிறிய பட்டன் ஒன்றை அழுத்தி, பிறகு மேலே போய் இன்னொன்றை அழுத்துவதற்குள் மனத்தில் வந்த மெட்டு கலைந்துவிடுகிறது. தனியாக வேலை செய்பவருக்கு முதல் படியைத் தானியக்கமாக்குவதே நல்லது. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அந்த வசதி அநேகமாக இருக்கும், அணைக்கப்பட்ட நிலையில் இருக்கலாம்.

ரீப்பரில் ஆர்ம் பட்டனின் மேல் வலது சொடுக்குச் செய்தால் வரும் பட்டியலில், டிராக் தேர்வானதும் தானாக ஆர்ம் ஆகும்படி வைக்கலாம். வேறு டிராக்கைத் தேர்வு செய்ததும் இது விலகிவிடும். கியூபேஸிலும் தேர்வு செய்த ஆடியோ டிராக்கை ஆர்ம் செய்யும் விருப்பத்தேர்வு உண்டு. லாஜிக் புரோவில் எந்த டிராக்கையும் ஆர்ம் செய்யாமல் ரெக்கார்டை அழுத்தினால், தேர்வு செய்யப்பட்ட டிராக்கிலேயே பதிவாகிவிடுகிறது. ஏபிள்டன் லைவில் ஒன்றை ஆர்ம் செய்தால் முன்பு ஆர்ம் ஆனது தானாக விலகும். இரண்டு வேண்டுமென்றால் விண்டோஸில் கன்ட்ரோல் விசையையோ மேக்கில் கமாண்ட் விசையையோ பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். ஆடாசிட்டியில் ஆர்ம் பட்டன் என்ற ஒன்றே இல்லை. ஆர் விசையை அழுத்தினால் இருக்கும் டிராக்கிலேயே பதிவு தொடரும், ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் புதிய டிராக் ஒன்று தொடங்கும்.

உங்களுக்கு நேர்ந்தது 'ஆர்ம் செய்ய மறந்தது' மட்டுமல்ல என்பதைக் கவனியுங்கள். குரல் டிராக்கை ஆர்ம் செய்திருந்தாலும், கிட்டார் டிராக் முந்தைய நாள் நிலையிலேயே இருந்திருக்கும். அப்போது இரண்டிலும் பதிவாகியிருக்கும். குரல் தப்பித்திருக்கும், கிட்டாரின் மேல் அப்போதும் ஒரு தாள் விழுந்திருக்கும். ஆகவே ஒரே நேரத்தில் ஒரு டிராக் மட்டுமே ஆர்ம் ஆகும்படி அமைப்பதுதான் உங்களுக்குச் சரியான மருந்து.

பதில் 3

இருவரும் பதிவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆர்ம் பட்டன் செய்யும் இன்னொரு வேலை, புதிதாக வருபவர்களை அதைவிட அதிகமாகக் குழப்புகிறது: எதைக் காதில் கேட்கிறோம் என்பதையும் பல மென்பொருள்களில் அதே பட்டன்தான் தீர்மானிக்கிறது. மானிட்டரிங், அதாவது பதியும் ஒலியை அப்போதே கேட்கும் அமைப்பு, 'ஆட்டோ' நிலையில் இருக்கும்போது, ஆர்ம் செய்ததும் டிராக்கில் முன்பு பதிந்தது ஒதுங்கி, மைக்கில் வரும் உயிரொலி கேட்கத் தொடங்கும். டேப் இயந்திரத்தைப் பின்பற்றும் இன்னொரு முறையும் உண்டு. அதில் பிளேயில் ஓடும்போது பழைய பதிவு கேட்கும், ரெக்கார்டுக்குள் நுழைந்த கணத்தில் மைக்குக்கு மாறும், வெளியே வந்ததும் மறுபடி பழையது கேட்கும். ஒரு வரியை மட்டும் திருத்தும்போது இந்த முறைக்கு ஈடில்லை; பாடுபவர் தன் பழைய குரலோடு சேர்ந்து பாடிக்கொண்டே வந்து, திருத்த வேண்டிய இடத்தில் இயல்பாக நுழைய முடிகிறது.

இதனால்தான் தேர்வு செய்ததும் தானாக ஆர்ம் ஆகும் வசதியை நான் எச்சரிக்கையோடுதான் பரிந்துரைப்பேன். பதிவெல்லாம் முடிந்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேட்டபடி ஒலியளவைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள். குரல் டிராக்கைச் சொடுக்குவீர்கள், அது ஆர்ம் ஆகும், மைக் திறக்கும், ஸ்பீக்கரில் வருவது மைக்குக்குள் போய் மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து ஊளையிடத் தொடங்கும். அந்த அலறல் காதுக்கும் கேடு, ஸ்பீக்கருக்கும் கேடு. பதிவு நாட்களில் அந்த வசதியை இயக்கி வையுங்கள். கலவை (மிக்ஸிங்) செய்யும் நாட்களில் அணைத்துவிடுங்கள். இதை மறந்துவிடுவீர்கள் என்று தோன்றினால், இரண்டுக்கும் தனித்தனி வார்ப்புருத் திட்டம் (முன்பே அமைத்துவைத்த தொடக்கக் கோப்பு) வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தாமதம். ஆர்ம் செய்ததும் தன் குரலே சற்றுப் பிந்திக் கேட்பதாகப் பாடகர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 சாம்பிள் என்றால் ஒரு போக்குக்கு 2.7 மில்லி விநாடி. 1024 என்றால் 21.3. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும் என்று வைத்துக்கொண்டால், முதலாவது ஒரு மீட்டருக்கும் குறைந்த தொலைவு, இரண்டாவது ஏழு மீட்டருக்கும் அதிகம். உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டையும் சேர்த்தால் தொலைவு இரட்டிப்பாகும். தன் குரலைப் பதினான்கு மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர் பாடுவதுபோலக் கேட்டுக்கொண்டு யாரால் தாளத்தோடு பாட முடியும்? ஆகவே பதிவின்போது பஃபரைக் குறைத்துவிடுங்கள். கனமான பிளக்-இன்களை (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களை), குறிப்பாக எல்லா டிராக்குகளும் சேரும் மாஸ்டரில் போட்டவற்றை, தற்காலிகமாக அணைத்துவிடுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸில் நேரடி மானிட்டரிங் (மைக் ஒலியைக் கணினி வழியாக அல்லாமல் நேராகக் கேட்கும் வசதி) இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை இயக்கும்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து கேட்டால் குரல் தகரக் குழாய்க்குள் இருந்து வருவதுபோல ஒலிக்கும். 'மைக் கெட்டுவிட்டது' என்று பலரும் நினைப்பது இதைத்தான்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு சோதனை. ரெக்கார்டை அழுத்துவதற்கு முன், பாடுபவரை மைக்கில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லிவிட்டு, அவரைப் பார்க்காமல் திரையிலிருக்கும் மீட்டர்களைப் பாருங்கள். ஆர்ம் ஆன டிராக்கின் மீட்டர் உள்ளீட்டைக் காட்டும். அன்று நீங்கள் இதைச் செய்திருந்தால், குரல் டிராக்கின் மீட்டர் அசையாமல் இருந்ததையும், கிட்டார் டிராக்கின் அடிப்பகுதியில் ஒரு சிறு பச்சைத் துடிப்பு எழுந்து அடங்கியதையும் பார்த்திருப்பீர்கள். ஆர்ம் தவறு, உள்ளீட்டு எண் தவறு, கேபிள் மாறிச் செருகியது, கெயின் (உள்ளீட்டின் பெருக்கம்) குறைவு, இந்த நான்கையும் இந்த ஒரு சொல் காட்டிக் கொடுத்துவிடும். பதிவு தொடங்கிய பிறகும், முதல் சில விநாடிகளுக்குச் சரியான டிராக்கில் அலைவடிவம் வரையப்படுகிறதா என்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுங்கள். ரெக்கார்ட் பட்டன் எரிவது, இயந்திரம் பதிவு நிலையில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. கிட்டார் கிடைத்துவிட்டது. மேலிருந்த துண்டை நகர்த்தியதும், முந்தைய நாள் வாசித்தது ஒரு குறையுமில்லாமல் அடியில் இருந்தது. ஒரு வாரமாக அது போய்விட்டதாகவே நினைத்து மறுபடி வாசிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

ஒரு சொல் சோதனையைச் செய்து பார்த்தேன். அதில் இன்னொரு பிழையும் வெளிப்பட்டது. ஆர்ம் சரியாக இருந்தும் குரல் டிராக்கின் மீட்டர் அசையவில்லை. உள்ளீட்டைப் பார்த்தால் அதுவும் 1ஆம் எண்ணிலேயே, அதாவது கிட்டார் மைக்கிலேயே இருந்தது. டிராக்கை நகலெடுத்து உருவாக்கியபோது உள்ளீடும் நகலாகியிருக்கிறது. ஆகவே, அன்று சரியான டிராக்கை ஆர்ம் செய்திருந்தாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்திருக்கும்.

இன்னும் ஒரு கேள்வி. நான் தனியாகப் பாடும்போது, ரெக்கார்டை அழுத்திவிட்டு மைக்குக்கு முன் போய் நிற்பதற்குள் பாட்டு தொடங்கிவிடுகிறது. அதற்காக நடுவிலிருந்து தொடங்கினால், முதல் சொல்லுக்கு முன் இழுக்கும் மூச்சு வெட்டுப்பட்டு, குரல் திடீரென்று முளைத்ததுபோல் இருக்கிறது. இதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 4

இதற்குப் பிரீ-ரோல் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். பதிவு தொடங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு அல்லது நான்கு பார் (தாளச் சுற்று) முன்னதாகவே பாட்டு ஓடத் தொடங்கி, குறித்த இடம் வந்ததும் தானாகவே பதிவுக்குள் நுழையும். பாட்டின் தொடக்கத்திலேயே பாட வேண்டியிருந்தால், அதற்கு முன் ஓடுவதற்கு எதுவும் இல்லையாதலால், எண்ணிக்கைத் தாளமான கவுன்ட்-இன்னை வையுங்கள். நான் வேறொன்றும் செய்வதுண்டு. திட்டத்தை முதல் பாரிலேயே தொடங்காமல், பாட்டு முழுவதையும் நான்கு பார் தள்ளி வைத்துவிடுவேன். அந்த வெற்றிடத்திலிருந்தே பதிவு தொடங்குவதால் மூச்சும் கிடைக்கும், அறையின் அமைதியும் கிடைக்கும்; பின்னால் இரைச்சலைக் குறைக்க நேர்ந்தால் அந்த அமைதித் துண்டு மாதிரியாகப் பயன்படும்.

பஞ்ச்-இன் (ஓட்டத்தின் நடுவே பதிவுக்குள் நுழையும்) எல்லையைக் குறிக்கும்போது, சொல் தொடங்கும் இடத்தில் வைக்காமல் மூச்சு தொடங்கும் இடத்துக்கும் முன்னால் வையுங்கள். முந்தைய சொல்லின் முடிவுக்கும் இந்த மூச்சுக்கும் இடையே இருக்கும் இடைவெளிதான் ஒட்டுப்போடச் சரியான இடம். இதில் இன்னும் நுட்பமான ஏற்பாடு ஒன்று புரோ டூல்ஸில் இருக்கிறது. குவிக்பஞ்ச் முறையில், ஆர்ம் செய்த டிராக்குகளுக்குப் பிளே தொடங்கியதிலிருந்தே பின்னணியில் பதிவு நடக்கிறது. நாம் ரெக்கார்டை அழுத்துவது அதில் எந்தப் பகுதி திரையில் தெரிய வேண்டும் என்பதைக் குறிப்பதற்கே. சற்றுத் தாமதமாக அழுத்திவிட்டால்கூட, துண்டின் இடது விளிம்பைப் பின்னால் இழுத்தால் விட்டுப்போன மூச்சு வெளியே வரும். கியூபேஸில் ஆடியோவுக்கு முன்பதிவு நேரம் என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு நிமிடம்வரை வைக்கலாம். அதிலும் ரெக்கார்டை அழுத்துவதற்கு முன் வந்த ஒலியைத் துண்டின் முன்புறத்திலிருந்து இழுத்து எடுக்கலாம்.

இரண்டு படிகள் எதற்கு என்று தொடக்கத்தில் கேட்டீர்கள் அல்லவா? ஆர்ம் என்பது மென்பொருளிடம் 'இந்த உள்ளீட்டைக் கவனித்துக்கொண்டிரு' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. எந்த உள்ளீட்டைக் கவனிப்பது என்று தெரிந்திருந்தால்தான் கடந்துபோன விநாடிகளையும் அதனால் திருப்பித் தர முடியும்.

கீபோர்டு வாசிப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது, ஏனென்றால் மிடி தரவு (ஒலியல்ல, எந்த விசை எப்போது அழுத்தப்பட்டது என்ற குறிப்பு) அளவில் மிகச் சிறியது. லாஜிக் புரோவிலும் கியூபேஸிலும், 2018இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஏபிள்டன் லைவிலும், ரெக்கார்டை அழுத்தாமல் வாசித்ததைக்கூடப் பின்னர் மீட்டெடுக்க முடியும். நீங்கள் பதிவது மைக் ஒலியாதலால் அதைப் பற்றி விரிவாகச் சொல்லவில்லை.

தனியாகப் பதிபவர்களுக்கு இன்னொன்று: மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகையோ கால் சுவிட்சோ இருந்தால், ஓடவேண்டிய தேவையே இல்லை. மேக்கி கன்ட்ரோல் வகைப் பலகைகளில் ஒவ்வொரு சேனலின் ஆர்ம் பட்டன்மீதும் 'ரெக்/ரெடி' என்று எழுதியிருக்கும். முதல் பதிலில் சொல்லப்பட்ட 'தயார்' என்ற அந்தப் பழைய சொல் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில் 1 எழுதியவர் மீண்டும்

உள்ளீடும் தவறாக இருந்தது என்பதைப் படித்தபோது, அந்த ஒரு சொல் சோதனையை என் வரிசையில் ஏன் எழுதவில்லை என்று வருந்தினேன். 'அளவைச் சரிபார்த்தல்' என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தேன்.

தானியக்க ஆர்மைப் பற்றி: தனியாகப் பதிபவருக்கு அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பதியும் நாளில், நீங்கள் கிட்டாரும் தோழி குரலுமாக ஒரே நேரத்தில் பதிய நேர்ந்தால், அதை அணைத்துவிட்டு இரண்டையும் கையால் ஆர்ம் செய்யுங்கள். ஒரு டிராக்கைச் சொடுக்கியதும் மற்றது விலகிவிடும் அமைப்பில், பதிவு தொடங்குவதற்குச் சற்று முன் எதையோ சரிசெய்யப் போய்ச் சொடுக்கிவிட்டால், சென்ற வாரம் நடந்ததே மறுபடி நடக்கும்.

முடிந்துவிட்ட டிராக்குகளுக்குப் பாதுகாப்பு நிலை இன்றும் உண்டு. புரோ டூல்ஸில் மேக்கில் கமாண்டையும் விண்டோஸில் கன்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு ஆர்ம் பட்டனை அழுத்தினால், அந்த டிராக்கை அதன் பிறகு யாராலும் தவறுதலாக ஆர்ம் செய்ய முடியாது. அப்படி ஒரு வசதி இல்லாத மென்பொருளில், முடிந்த டிராக்கின் உள்ளீட்டையே 'ஏதுமில்லை' என்று மாற்றிவிடுங்கள். ஆர்ம் ஆனாலும் அதற்குள் எதுவும் வராது.

கேட்டவரின் மறுமொழி

நீங்கள் அனைவரும் சொன்னவற்றைச் சேர்த்து ஒரு வார்ப்புருத் திட்டம் செய்துகொண்டேன். 'கிட்டார்', 'குரல்' என்று பெயரிட்ட இரண்டு டிராக். முதலாவதற்கு உள்ளீடு 1, இரண்டாவதற்கு உள்ளீடு 2. மைக் கேபிள்களிலும் அதே எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். தேர்வு செய்தால் ஆர்ம் ஆகும் வசதியை இயக்கிவிட்டு, கலவைக்கான திட்டத்தில் அதை அணைத்திருக்கிறேன். பஃபர் 128. நேரடி மானிட்டரிங்கை இன்டர்ஃபேஸில் இயக்கி, மென்பொருள் மானிட்டரை அணைத்தாயிற்று. பிரீ-ரோல் நான்கு பார். முடிந்த கிட்டார் டிராக்கின் உள்ளீட்டை 'ஏதுமில்லை' என்று மாற்றினேன்.

நேற்றுத் தோழி மறுபடியும் வந்திருந்தார். அவர் ஒரு சொல்லைச் சொன்னார், குரல் டிராக்கின் மீட்டர் எழுந்தது, கிட்டார் டிராக் அசையவில்லை. எரியும் சிவப்பு விளக்கு ஒன்றுதான் என்பதை வாய்விட்டு எண்ணினேன், அவர் சிரித்துவிட்டார். சென்ற வாரம் பாடியதுபோலவே இருந்ததா என்று கேட்டால், இது வேறுவிதமாக இருந்தது. இரண்டாவது சரணத்தை முன்னைவிட மெதுவாக, தாழ்ந்த குரலில் எடுத்தார், எனக்கு அதுவும் பிடித்திருந்தது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் சொல்லின் உயரமான அலைக்கு முன்னால், மெல்லிய சுருக்கம்போல அவர் இழுத்த மூச்சு முழுமையாகப் பதிவாகியிருந்தது.